‘நோ, சார்’ சொல்லப் படித்தது

வெளிநாடு போவதற்காகப் பதுளையில் வாங்கிய பெரிய பை இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் குளிருக்குப் போர்த்தும் கம்பளிகளும், மகளுக்குச் சின்னதாகிப்போன சுவெட்டரும் இருக்கின்றன. கூட்டிப் பெருக்கும்போது விளக்குமாறு அந்தப் பையில் முட்டும். முட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மூச்சு வரும். அப்பாடா என்று வரும் மூச்சு. அதற்காகவே அந்தப் பக்கம் இரண்டு தடவை கூட்டுகிறேன்.

நான் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மெடிக்கல் முடிந்தாயிற்று. பதுளையில் ஏஜென்சி வைத்திருந்தவர் எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான். கொழுந்து எடுத்து வரும் சம்பளத்தில் மாதத்தின் பாதி ஓடும், மீதிப் பாதி தள்ளாடும். என் வீட்டுக்காரர் பதுளையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் நிற்கிறார். அவருக்கும் நான் போவதில் விருப்பமில்லை. ஆனால் ‘போகாத’ என்று சொல்லவும் வாய் வரவில்லை, ‘போ’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்படி ஒரு மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. சாதாரணமாக அவள் வாயைத் திறந்தால் சண்டைதான். தலை சீவ வா என்றால் மாட்டேன், ரொட்டி சாப்பிடு என்றால் வேணாம், தண்ணீர் எடுத்து வா என்றால் ஏன் நான் மட்டும். இப்படி என் உயிரை வாங்கிய பிள்ளை, நான் போகப்போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து நல்ல பிள்ளையாகிவிட்டது. எதைச் சொன்னாலும் “சரிம்மா.” தானாகவே தலை சீவிக்கொண்டாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. பக்கத்துக் காம்பராக்காரர்கள், “பரவாயில்லயே, புள்ளைக்குப் புத்தி வந்துருச்சு” என்று மெச்சினார்கள். தான் நல்லபடியாக நடந்துகொண்டால் அம்மா போகமாட்டாள் என்று அந்தச் சின்னத் தலைக்குள் ஒரு நினைப்பு ஓடுவது எனக்குத் தெரிந்தது. கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்பதால் கேட்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரித்துவிடும் இடத்தில், டீமேக்கர் ஐயா வந்து நின்றார். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம், அதற்கு அவர்தான் பெரியவர். பக்கத்து ஊரான எல்லயில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஆட்டோ பிடித்து எங்கள் தோட்டம் வரைக்கும் வர ஆரம்பித்திருந்த காலம் அது.

“வர்றவங்களுக்கு மலையையும் ஸ்டோரையும் இங்கிலீசுல சுத்திக் காட்ட ஒரு பொம்பள ஆள் வேணும். மாசச் சம்பளம். யாருக்காவது இங்கிலீசு வருமா?” என்று கேட்டார்.

“வருமே ஐயா. ‘டீ’ன்னு வரும்” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. பெரட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, எல்லாரும் மலைக்கு ஏறும்போது நான் மட்டும் ஸ்டோர் பக்கம் திரும்பினேன்.

“ஒனக்கு இங்கிலீசு தெரியுமா?” என்றார் ஐயா.

“தெரியுங்க ஐயா.”

“வாட் இஸ் யுவர் நேம்?”

“யெஸ் சார்.”

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேரக் கேட்டேன், புள்ள” என்றார். எனக்கு முகம் எரிந்தது. பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சரி, மழ விட்டதும் ஆளுங்க வர ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள படிச்சுக்க. ஒன்ன விட்டா வந்து கேக்க ஆளும் இல்ல” என்றார்.

இந்த ‘யெஸ் சார்’ விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் மேலே உள்ளவர்கள் எதைச் சொன்னாலும் எங்கள் வாயிலிருந்து முதலில் வருவது ‘சரிங்க’தான். புரிந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், எதிரே வந்தால் பாதையை விட்டு ஓரமாக நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்து, சரிங்க. அவர் போன பிறகு, “என்னடி சொன்னாரு?” என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது திமிர். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். நாங்களும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, அது பாலோடு போய்விடும்.

ஏஜென்சிக்காரரிடம் போய் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்து, “அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன். அதுக்கு மேல ஒங்க எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். பொறவு என்னக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார். ஆக, அதற்குள் நான் இங்கிலீஷ் பேச வேண்டும், இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். எது கஷ்டம் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இங்கிலீஷுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் சோக்குப் பெட்டியுமாக ஒற்றையடிப் பாதையில் அவள் ஏறி வருவதைப் பார்த்தால், மலையையே அதட்ட வருகிறவள் போல இருக்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் வாசலில் நின்று எட்டிப் பார்க்கப் போய், அவள், “வெளிய நின்டு என்ன பாக்கிறீங்க, உள்ள வாங்க” என்று அதட்டிக் கூப்பிட்டு, பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் எங்களுக்கும் ஒரு வகுப்பு என்று ஆகியிருந்தது. நானும் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு நடந்தது பிள்ளைக் காம்பராவில். வேலை நாட்களில் நாங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கும். அதற்குக் கீழே குட்டிக் குட்டி நாற்காலிகள். அதில் நாங்கள் உட்கார்ந்தால் முழங்கால் வாய்க்கு நேரே வரும். எங்களோடு படித்த பணிய லயத்து அக்கா, அதாவது கீழ் லயத்துக்காரி, மற்ற எல்லாருக்கும் மூத்தவள், உடம்பும் கொஞ்சம் கனத்தது. முதல் நாள் உட்கார்ந்து எழுந்தபோது நாற்காலியும் அவளோடு எழுந்துவந்தது. “பாத்தீங்களா டீச்சர், எனக்குப் படிப்பு ஒட்டிக்கிச்சு” என்றாள். அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

டீச்சர் ஒன்றும் பெரிய இலக்கணமெல்லாம் போடவில்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவள் இருக்கிறாள். எனக்கு வேண்டும், எனக்குத் தெரியும், என்னால் முடியும். அவ்வளவுதான். இதையே முன்னும் பின்னுமாகச் சொல்லச் சொல்வாள். பிறகு பத்துச் சொல். பிறகு அரைப் பக்க வாசிப்பு. வாசித்துவிட்டு அடியில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாசிப்புப் பாடம்தான் எனக்கு எரிச்சல். அவள் கொண்டுவந்த புத்தகத்தில் ஒரு ஆள் வருவான். காலையில் எழும்புவான். பல் துலக்குவான். முட்டை சாப்பிடுவான். நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்தப் போவான். வந்து சோபாவில் உட்காருவான். அடுத்த பக்கத்திலும் அவனுக்கு இதே வேலை. “டீச்சர், இவனுக்குப் பொழப்பே இல்லயா? பெரட்டுக்குப் போக மாட்டானா?” என்று நான் கேட்டேவிட்டேன். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே எழுதிய பாடத்தோடு வந்தாள். நாங்கள் கொழுந்து எடுக்கிறோம். இன்றைக்கு மழை பெய்கிறது. என் காலில் ஒரு அட்டை இருக்கிறது. கங்காணி குடைக்குக் கீழே நிற்கிறார். அவர் நனையவில்லை. நாங்கள் நனைந்துவிட்டோம். இதை எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் வாசித்து, அர்த்தம் விளங்கியதும் பெண்கள் போட்ட சத்தத்தில் தொட்டில் ஆடியது. மலையில் எங்களை வேலை வாங்கும் கங்காணி இங்கிலீஷ் பாடத்தில் வந்துவிட்டார்! அந்த அரைப் பக்கத்தை இன்றைக்குக் கேட்டாலும் நான் பார்க்காமல் சொல்வேன்.

படித்ததை வைத்துக்கொள்ளத்தான் நாதியில்லை. ஞாயிறு படித்தது திங்கள் இல்லை. அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார்கள். இரண்டு வரிசைத் தேயிலைச் செடிக்கு நடுவில் அடியிலிருந்து நுனி வரைக்கும் எடுத்துக்கொண்டே போக வேண்டும். நிரைக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். அடியில் ஏறும்போது சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும், கை கொழுந்தைக் கிள்ளக் கிள்ள வாய் அதைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், நுனிக்குப் போனதும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கத்த வேண்டும். பணிய லயத்து அக்கா தினமும் ‘டயர்ட்’ என்ற சொல்லை மட்டுமே எடுப்பாள். “வேற சொல் எடு அக்கா” என்றால், “எனக்கு இதுவே பொருத்தமா இருக்குடி” என்பாள். கங்காணி முதலில், “என்ன இங்க கீச்சுக்கீச்சுன்னு?” என்று அதட்டினார். நாலு நாள் கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில் என் பக்கம் வந்து, “குடைக்கு இங்கிலீசுல என்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

மழை விட்டது. வெயில் வந்ததும் வெள்ளைக்காரர்களும் வந்துவிட்டார்கள். டீமேக்கர் ஐயா ஆள் அனுப்பினார். முதல் நாள் எனக்கு வாய்த்தவர்கள் வயதான ஒரு கணவனும் மனைவியும். நல்ல மனுஷர்கள். மலையில் நின்று இரண்டு இலை ஒரு கொழுந்து கிள்ளிக் காட்டினேன். ஸ்டோருக்குள் கூட்டிப்போய், இங்கே வாட்டுகிறோம், இங்கே உருட்டுகிறோம், இங்கே காய வைக்கிறோம், இங்கே சலிக்கிறோம் என்று மனப்பாடம் செய்ததை ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அய்யோ, அதற்கு யார் தயாராக இருந்தது? நான் சொல்வதற்குத்தான் படித்திருந்தேன். அவர் கேட்டார், யெஸ் சார் என்றேன். அந்த அம்மா கேட்டார், யெஸ் மேடம் என்றேன். நான் யெஸ் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தோஷம், அவர்கள் சந்தோஷப்படச் சந்தோஷப்பட நான் இன்னும் யெஸ். கடைசியாக அவர் கீழே தெரிந்த குறுக்குப் பாதையைக் கைகாட்டி, அதில் ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா, ரயிலைப் பிடித்துவிடலாமா என்று கேட்டார். இது எனக்கு நன்றாகவே விளங்கியது. ‘ஸ்டேஷன்’ விளங்கியது, ‘வாக்’ விளங்கியது. அந்தப் பாதை மழைக்கு மண் சரிந்து நடுவில் அறுந்துபோனதும் எனக்குத் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். ஆனாலும் என் வாய் என்ன சொன்னது? “யெஸ், சார்.” கைகூட ஆட்டி அனுப்பிவைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்த கோலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு. அந்த அம்மாவின் கணுக்காலில் அட்டை. ரயில் போய்விட்டது. நான் ஓடிப்போய் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து அட்டையைக் கழற்றினேன். ‘என் காலில் ஒரு அட்டை இருக்கிறது’ என்பது எனக்கு இங்கிலீஷில் தெரியும், ஆனால் கால் என்னுடையது இல்லையே. அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

டீமேக்கர் ஐயா கோபப்பட்டார். “பாத அறுந்து கெடக்குன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியுங்க ஐயா.”

“பொறவு ஏன் யெஸ்ஸுன்ன?”

நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை உதறினார். “வர்ற வாரம் ஒரு கூட்டம் வருது. தொரையும் கூட வருவாரு. அன்னைக்கும் இப்படின்னா நீ மலைக்கே போயிரு” என்றார். மலைக்குப் போவதா? எனக்கு மலைகூட இல்லை. அன்றைக்குத் தவறினால் நேரே விமானம்தான். வீட்டுக்குப் போனேன். மகள் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். “நல்லா இருக்காம்மா?” என்று கேட்டாள். சீனி போட மறந்திருந்தாள். நல்லா இருக்கு என்று குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் டீச்சரிடம் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், “நீங்க மாடா?” என்று கேட்டாள்.

“யெஸ், டீச்சர்” என்றோம் எல்லாரும், ஒரே குரலில்.

“ஒங்களுக்கு றெக்க இருக்கா?”

“யெஸ், டீச்சர்.”

“இந்தக் காம்பராவுக்குள்ள யான நிக்குதா?”

பணிய லயத்து அக்கா சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “யெஸ், டீச்சர்” என்றாள்.

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “அக்காமாரே, ஒங்களுக்கு விளங்காம இல்ல. விளங்குது. விளங்கியும் சொல்றீங்க. மாடான்னு கேட்டாக்கூட ஆமாங்குறீங்களே, என்ன செய்ய ஒங்கள?” என்றாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, ஒரு மாதிரி கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்குச் சொல்லும் இல்லை, வாசிப்பும் இல்லை. ‘நோ’ மட்டும். டீச்சர் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழைய தொப்பியை எடுத்து முக்காட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு, குட்டி நாற்காலி மேல் ஏறி நின்றாள். “இப்ப நான்தான் தொரை. கேப்பேன். இல்லாததுக்கு இல்லன்னு சொல்லணும். என் மொகத்தப் பாத்துச் சொல்லணும். தரையப் பாத்துச் சொன்னா கணக்கில்ல.”

ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றோம். சத்தியமாகச் சொல்கிறேன், அது தொப்பி வைத்த துணிக்கடைக்காரர் மகள் என்று தெரிந்தும் என் கண் தரைக்குத்தான் போனது. ஒருத்தி, “நோ டீச்சர், சாரி டீச்சர், யெஸ் டீச்சர்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பணிய லயத்து அக்கா, “நோ” என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே யாராவது கேட்டுவிட்டார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். என் முறை வந்தபோது டீச்சர் கேட்டாள், “பாத நல்லா இருக்கா?” நான் அவள் முகத்தைப் பார்த்தேன். “நோ, சார். த ரோட் இஸ் ப்ரோக்கன்.” “சத்தமா.” “நோ, சார்!” “இன்னும் சத்தமா.” தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்ததும் ஏனோ கண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “அவ்வளவுதான் அக்கா. உசிர் போகல்ல பாத்தீங்களா” என்றாள்.

அந்த வாரம் மலையில் எல்லாருக்கும் எல்லா நிரையிலும் அதே சொல்தான். கங்காணி வந்து, “அந்தப் பக்கம் முடிச்சாச்சா?” என்று கேட்டால் பத்துப் பேர் தலையைத் தூக்கி, “நோ, சார்!” என்பார்கள். “தண்ணி குடிச்சீங்களா?” “நோ, சார்!” “பைத்தியம் புடிச்சிருச்சா?” “நோ, சார்!” பாவம், அந்த மனுஷன் டீச்சர் எப்போது வருவாள் என்று விசாரித்துப் புகார் சொல்லத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம், இன்னும் சிலர். தொரை வெள்ளைக் காற்சட்டையோடு முன்னால் நின்றார். டீமேக்கர் ஐயா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொழுந்து காட்டினேன். ஸ்டோர் காட்டினேன். ஒரு பாட்டியம்மா மரத்தில் இருந்த குருவியைக் காட்டி, அது என்ன பறவை என்று கேட்டார். வாய் ‘யெ’ வரைக்கும் போய்விட்டது. பிடித்து இழுத்து, “ஐ டோன்ட் நோ, மேடம்” என்றேன். “எனக்கும்தான்” என்று அவர் சிரித்தார். அடேயப்பா, தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லையே.

சுற்றி முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குடும்பத்துத் தகப்பன், ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாமா என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, தொரையிடம். தொரை சிரித்துக்கொண்டே குறுக்குப் பாதையைக் காட்டினார். அருமையான பாதை, அழகாக இருக்கும், இவள் கூட்டிப்போவாள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “யூ வில் டேக் தெம், நோ?”

டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்தார். அவருக்கும் பாதை அறுந்தது தெரியும். அவருடைய வாய் திறக்கவில்லை. அவரும் எங்களைப் போலத்தானே. தரையைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து தொரையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கண் இலேசான பழுப்பு நிறம். இத்தனை வருஷத்தில் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நோ, சார்” என்றேன். “த ரோட் இஸ் ப்ரோக்கன். தே மஸ்ட் கோ பை த பிக் ரோட்.”

கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. தொரை புருவத்தைத் தூக்கினார். “எப்பலேருந்து?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“மழை பேஞ்சதுலேருந்து, தொரை.”

“ஏன் ஒருத்தரும் சொல்ல இல்ல?”

நான் டீமேக்கர் ஐயாவைப் பார்த்தேன், டீமேக்கர் ஐயா தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்தார். நல்லவேளை, அந்தப் பாட்டியம்மா குறுக்கே வந்து, நல்லகாலம் சொன்னாய் பெண்ணே, என் முழங்காலுக்கு அந்த இறக்கம் ஆகாது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தொரையும் சிரித்தார். ஆட்டோவுக்குப் போன் பண்ணச் சொன்னார். போகும்போது, பாதையைப் பார்க்க நாளைக்கு ஆள் போடு என்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

ஆட்டோக்கள் திரும்பிய பிறகு டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்தார். “நாளையிலேருந்து மலைக்குப் போகாத. ஸ்டோருக்கு வா” என்றார். சலித்த தூள் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்ற நாளாக இருந்தால் திட்டியிருப்பார். அன்றைக்கு, “மெதுவா எந்திரி” என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, ஹலோ ஹலோ என்றேன். “இருக்கேன், இருக்கேன்” என்றார், குரல் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்குப் பதுளையிலிருந்து வரும்போது கோழி வாங்கி வந்தார். சோற்றைப் பிசையவில்லை, சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் ஏஜென்சிக்குப் போய், போகவில்லை என்று சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். “போகவில்லை” என்று ஏஜென்சிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதுவும் ஒரு பயிற்சிதான்.

மகளிடம் மட்டும் அந்தச் சந்தோஷம் போய்ச் சேரவில்லை. “அம்மா எங்கயும் போகல பாப்பா, இங்கயே வேல கெடச்சிருச்சு” என்று கட்டிப்பிடித்துச் சொன்னேன். “சரிம்மா” என்றாள். அதே ‘சரிம்மா’. போய்த் தன் கோப்பையைக் கழுவி வைத்தாள். அடுத்த நாளும் தலையைத் தானே கோணலாகப் பின்னிக்கொண்டாள். பிள்ளை நம்பவில்லை. நான் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டேன். அவள் பார்க்கும்படி அந்தப் பெரிய பையை இழுத்துவைத்துக் கம்பளிகளை அதற்குள் திணித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய பழைய சுவெட்டரைக் கொண்டுவந்து அவளே உள்ளே போட்டாள்.

நான் ஸ்டோருக்குப் போக ஆரம்பித்துச் சில நாள் இருக்கும். காலையில் நல்ல குளிர். மகளுடைய பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

“தலை சீவ வா.”

“மாட்டேன்.”

நான் கேட்டது சரிதானா என்று பார்க்க, “என்ன சொன்ன?” என்றேன்.

“மாட்டேன். நீ இழுத்து இழுத்துச் சீவுற, வலிக்குது. நான் வர மாட்டேன். ரொட்டியும் வேணாம். நேத்தும் ரொட்டி, இன்னைக்கும் ரொட்டி!”

கத்திவிட்டு என்னை முறைத்துக்கொண்டு நின்றாள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டேன். “விடும்மா, விடும்மா, நேரமாச்சு” என்று திமிறினாள். விடவே இல்லை. அன்றைக்கு அவள் தலை சீவாமல்தான் பள்ளிக்கூடம் போனாள். அவள் வகுப்பு டீச்சர் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.